அவிநாசி சாலையின் மூன்றாவது மனிதர்

காந்திபுரம் மத்தியப் பேருந்து நிலையத்தில் ஈரோட்டு வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது. "அவிநாசி, பெருந்துறை, ஈரோடு ஏறுங்க" என்று நடத்துநர் கூவுகிறார். படியில் கால் வைத்ததுமே பெண்கள் உள்ளே ஒரு பார்வையை ஓட்டுகிறார்கள். எந்த இருக்கையில் இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்? நிற்க நேர்ந்தால் முதுகை எந்தப் பக்கம் வைப்பது? கல்லூரி மாணவி ஒருத்தி முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கமாக மாட்டிக்கொள்கிறாள். தூக்குப்போசியோடு ஏறும் அம்மா அதைத் தன் இடுப்புக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் நடுவே பிடித்துக்கொள்கிறார். சேலை மடிப்பில் ஓர் ஊக்கு எப்போதும் இருக்கும். அது சேலைக்கு மட்டுமானதல்ல என்பது தமிழ்நாட்டில் பேருந்தில் போன எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கணக்கு, பக்கத்தில் நிற்கும் ஆணுக்குப் பெரும்பாலும் தெரிவதேயில்லை.

கோவையிலிருந்து அவிநாசிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கொங்குநாட்டின் உழைப்பு முழுவதும் இந்தச் சாலையில்தான் ஓடுகிறது. லட்சுமி மில்ஸ், பீளமேட்டுக் கல்லூரிகள், மென்பொருள் நிறுவனங்கள், விமான நிலையம், நீலம்பூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர், அப்புறம் அவிநாசி. அங்கிருந்து தெற்கே திரும்பினால் திருப்பூர். மாணவிகள், செவிலியர், மில் தொழிலாளிகள், பனியன் கம்பெனிக்குப் போகும் செக்கிங் பெண்கள், சந்தைக்குப் போகும் வியாபாரிகள் என இந்தச் சாலையின் பயணிகளில் பெண்களின் பங்கு பெரியது. முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உரசி ஒன்றாகப் போகிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு இடையில் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான சாலை கொங்குநாட்டில் இல்லை.

வண்டி பீளமேட்டை நெருங்கும்போது தலைக்கு மேலே மேம்பாலம் கூடவே வருகிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளம். ஜி.டி.நாயுடுவின் பெயரைத் தாங்கிய இந்தப் பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. விமான நிலையத்துக்கு விரைகிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்கள் பாலத்துக்குக் கீழேதான் நிற்கிறார்கள். மேலே போகும் காரிலிருந்து பார்த்தால் கீழே நிறுத்தத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. தெருவின் பாதுகாப்பு அதில் நடமாடுபவர்களின், கடை வைத்திருப்பவர்களின், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்களில் இருக்கிறது என்று 1961-ல் வெளிவந்த புத்தகத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார். நகரங்களைத் திட்டமிடுகிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பீளமேட்டில் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து இறங்கும் பெண்ணுக்கு அந்தப் புத்தகம் தேவையில்லை. பேக்கரி திறந்திருக்கும் பக்கமாக நடக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும். கோவையின் பேக்கரிகளும் டீக்கடைகளும் இரவில் பெண்களுக்குத் துணை நிற்கும் வெளிச்சங்கள். எந்த அரசாணையும் அவற்றுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

அந்த வெளிச்சம் எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் இதே சாலை பார்த்திருக்கிறது. 2025 நவம்பர் 2 இரவு, கோவை விமான நிலையத்தை ஒட்டிய ஆளரவமற்ற பகுதியில் நண்பருடன் காரில் இருந்த கல்லூரி மாணவி ஒருவரை மூன்று பேர் கடத்திக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். நண்பர் வெட்டப்பட்டார். மறுநாள் இரவு போலீசார் மூவரையும் காலில் சுட்டுப் பிடித்தார்கள். செய்தி வந்த சில மணி நேரத்தில் ஊர் முழுக்க ஒரு கேள்வி கிளம்பியது: அந்த நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை? குற்றம் செய்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பாதிக்கப்பட்டவளிடம் கேட்கும் இந்தப் பழக்கம்தான், பேருந்தில் இடிபட்ட பெண்ணையும் வாய் திறக்கவிடாமல் செய்கிறது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், வேலையை விடச் சொல்லுவார்கள் என்ற அச்சத்தில், தினமும் நடக்கும் சின்னச் சின்னத் தொல்லைகளைப் பெண்கள் தங்களுக்குள்ளேயே புதைத்துக்கொள்கிறார்கள். சின்னது என்று யாரும் கண்டுகொள்ளாமல் விட்டவைதான் ஓர் ஆணுக்குத் துணிச்சலைக் கற்றுக்கொடுக்கின்றன.

இந்த மௌனத்தை உடைக்கக் கோவை மாநகரக் காவல்துறை எடுத்த ஒரு முயற்சியை இந்தச் சாலையின் கல்லூரிகளில் பார்க்கலாம். 2022-ல் 'போலீஸ் அக்கா' திட்டம் தொடங்கியது. கல்லூரிக்கு ஒரு பெண் காவலர். மாணவிகளைச் சந்தித்துப் பேசுவார். தன் கைப்பேசி எண்ணைக் கொடுப்பார். காவல் நிலையப் படியேறத் தயங்கும் பெண் அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். பின்தொடர்கிறவன், படத்தை வைத்து மிரட்டுகிறவன், பேருந்து நிறுத்தத்தில் தினமும் வந்து நிற்கிறவன் என்று எதைப் பற்றியும் பேசலாம். சீருடைக்குள் தனக்குத் தெரிந்த ஒரு முகம் இருப்பதால் வரும் தைரியம் அது. அறிமுகமில்லாத அரசு இயந்திரத்துக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் நடுவில் ஓர் உறவுமுறை நிற்கிறது.

ஆனால் பேருந்துக்குள் போலீஸ் அக்கா இல்லை. அங்கே இருப்பவர் நடத்துநர்.

அவருக்கும் சட்டம் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, ஆபாசமாகச் சைகை காட்டுவது, பாடுவது, அனுமதியில்லாமல் படமெடுப்பது எல்லாமே பேருந்துக்குள் நடத்தை மீறல்கள் என்று அதில் பட்டியலே போட்டார்கள். எச்சரித்தும் அடங்காத பயணியை நடத்துநர் இறக்கிவிடலாம்; வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஏற்றிவிடுகிறேன், இறக்கிவிடுகிறேன் என்ற சாக்கில் பெண்களைத் தொடும் நடத்துநர் மீதும் நடவடிக்கை உண்டு. விதி தெளிவாகவே இருக்கிறது. அறுபது பேருக்கு மேல் திணித்த வண்டியில், அடுத்த நிறுத்தத்துக்குள் டிக்கெட் கிழித்து முடிக்க வேண்டிய ஒருவர், பின்னால் வரும் போட்டி வண்டியையும் கவனித்துக்கொண்டு, இதையும் செய்ய வேண்டும். சிலர் செய்கிறார்கள். "ஏனுங்க, அந்தப் பக்கம் எடமில்லையா? கொஞ்சம் முன்னால போய் நில்லுங்க" என்று யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் ஒரு குரல் விடுவார்கள். உரச வந்தவன் நகர்ந்துவிடுவான். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாருக்காகச் சொன்னார் என்று புரியும். கூட்டத்தில் ஒருவர் கவனித்தார் என்ற அந்த உணர்வு, நாள் முழுவதற்குமான நிம்மதியைக் கொடுக்கும்.

நீலம்பூர் தாண்டியதும் சாலை அகன்று, ஊர்கள் விலகி, வண்டி வேகமெடுக்கிறது. கொங்குநாட்டு நெடுஞ்சாலையின் உயிர்நாடி 'பிரிவு'கள். பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் போகும் பாதை கிளைக்கும் இடம். பாலங்களும் புறவழிச் சாலைகளும் வந்த பிறகு தொலைதூர வண்டிகள் பல, ஊருக்குள் போகாமல் பிரிவிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. பகலில் அது நடை தூரம். இரவு பத்து மணிக்கு, இரண்டாம் ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண்ணுக்கு அந்த அரை கிலோமீட்டர்தான் அன்றைய பயணத்திலேயே நீளமான பகுதி. பெண்களின் பாதுகாப்பு என்று பேசும்போது கண்காணிப்புக் கேமராவையும் கைப்பேசிச் செயலியையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். ஊருக்குள் வந்து நிற்கும் வண்டியும், அது வரும்வரை பக்கத்தில் நிற்கும் இன்னும் நான்கு பேரும் அவற்றைவிட முந்தைய தேவை.

கருமத்தம்பட்டியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் விசைத்தறி ஊர்கள். சோமனூர் இங்கிருந்து பக்கம். காந்திபுரம் – சோமனூர் தடத்தில்தான் 2023-ல் ஷர்மிளா என்ற இளம்பெண் தனியார் பேருந்து ஓட்டினார். கோவையின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று நாடே அவரைப் பார்த்தது. அந்த வேலையில் அவர் நீண்ட நாள் இருக்கவில்லை. ஆனாலும் அவர் ஓட்டிய நாள்களில் அந்த வண்டியில் ஏறிய பெண்கள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்த பார்வையைப் படங்களில் காணலாம். அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1993-ல், குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பேருந்தின் முன்னிருக்கையில் பெண்கள் வரிசையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெருவில் நடக்கும் தொல்லைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பெண்கள் எந்த இடத்தில் அபூர்வமோ அந்த இடத்தில்தான் அவர்கள் வேடிக்கைப் பொருளாகிறார்கள். எண்ணிக்கை கூடினால் பார்வை மாறும்.

எண்ணிக்கையைக் கூட்டிய ஒரு முடிவு 2021 மே 8 அன்று நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. பணக் கணக்கு முக்கியம்தான். அதோடு இன்னொன்றும் நடந்தது. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே ஓடும் நகரப் பேருந்துகளில் காலை வேளையில் பெண்களே பெரும்பான்மை. முன்பு ஆண்கள் கூட்டத்துக்குள் இரண்டு பெண்கள் ஒடுங்கி நின்ற இடத்தில், இப்போது பெண்கள் கூட்டம் சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறது. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு, தெரியாத அக்கா ஒருத்தி "இங்க வா கண்ணு" என்று நகர்ந்து இடம் கொடுக்கிறாள்.

அவிநாசி வந்துவிட்டது. பேருந்து நிலையத்திலிருந்து சற்று நடந்தால் அவிநாசிலிங்கேசுவரர் கோயில். கொங்கு ஏழு சிவத்தலங்களில் ஒன்று. கருணாம்பிகை அம்மன் சந்நிதிக்கும் பெரிய தேருக்கும் பேர்பெற்றது. தேவாரத்தில் இந்த ஊர் திருப்புக்கொளியூர். பெரியபுராணம் சொல்லும் இந்த ஊரின் கதை எல்லோருக்கும் தெரிந்தது: முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார். அற்புதத்தைக் கொண்டாடும் அவசரத்தில் கதையின் முதல் பாதியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சுந்தரர் இந்த ஊர்க்காரர் அல்ல. சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகும் வழியில் தெருவோடு நடந்து வந்தவர். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் குளிக்கப் போனதில் ஒருவன் முதலைக்கு இரையாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. பிழைத்தவனுக்கு இன்று சடங்கு. இழந்தவர்களுக்கு இன்று மறுபடியும் துக்கம். தெருவில் இருந்தவர்களுக்கு அந்த அழுகை பழகிப்போன ஒன்று. வழிப்போக்கர் நின்றார், ஏன் என்று கேட்டார். விடையைக் கேட்ட பிறகு தன் வழியே போக அவரால் முடியவில்லை. கொங்குநாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கும் இந்தக் கதை, தெருவில் கேட்ட அழுகைக்கு நின்ற ஓர் அந்நியரிடமிருந்து தொடங்குகிறது.

நம் காலத்திலும் அப்படி நின்றவர்கள் இருவர் இந்த ஊரின் பெயரோடு சேர்ந்துவிட்டார்கள், மிகத் துயரமான விதத்தில்.

2018-ல் எர்ணாகுளத்திலிருந்து பெங்களூருக்குப் போன கேரள அரசுப் பேருந்தில், ஓசூரை நெருங்கும் வேளையில், ஒரு பெண் பயணிக்கு வலிப்பு வந்தது. கூடத் துணைக்கு யாருமில்லை. பணியில் இருந்த கிரீஷ், பைஜு இருவரும் மற்ற பயணிகளிடம் பேசி, வண்டியைத் திருப்பி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நோயாளியோடு ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார்கள். இருவரில் ஒருவர் அங்கேயே தங்கினார். உறவினர்கள் வரும்வரை முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்குத் துணையாக இருந்தார். மற்றவர் வண்டியை ஓட்டிக்கொண்டு பெங்களூர் போனார்.  கேரளப் போக்குவரத்துக் கழகம் பின்னர் இருவரையும் பாராட்டியது.

2020 பிப்ரவரி 20 அதிகாலை. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த பேருந்தில் அதே இருவர் பணியில் இருந்தார்கள். அவிநாசிக்கு அருகே எதிர்த்திசையில் வந்த கண்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. கிரீஷும் பைஜுவும் உட்பட 19 பேர் இறந்தார்கள். அவர்கள் 2018-ல் செய்ததைப் பலர் அறிந்ததே அந்த மரணச் செய்தியில்தான்.

அந்த ஓசூர் இரவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இரவுப் பேருந்து, தனியாகப் பயணம் செய்யும் பெண், நினைவில்லாத நிலை, சுற்றிலும் தெரியாத ஆண்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கற்பனை செய்து நடுங்கும் காட்சி இதுதான். அந்தக் காட்சியில் அவளைக் காத்தவர்களும் தெரியாத ஆண்கள்தான். தெரியாதவர் எல்லோரும் ஆபத்து என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தெரிந்தவர்களால் நேரும் கொடுமையை அந்தப் பாடம் மறைத்துவிடுகிறது. 2019-ல் வெளிச்சத்துக்கு வந்த பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் பெண்களைச் சிக்கவைத்தது நட்பு, பழக்கம் என்ற பெயர்கள்தாம். இதே பாடம் இன்னொரு தீங்கையும் செய்கிறது. பையன்களுக்கு, தாங்களும் ஒருநாள் ஒரு பெண்ணுக்குத் தெரியாத ஆணாக எதிரே நிற்கப் போகிறோம், அப்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

கூட்டம் வேடிக்கைதான் பார்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 1964-ல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் தெருவில் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்தும் உதவவில்லை என்று நாளிதழ் எழுதியது. அந்தச் செய்தியிலிருந்து உளவியலில் ஒரு கொள்கையே பிறந்தது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் தெரிந்தது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை எடுத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒரு வழிப்போக்கராவது குறுக்கிட்டிருந்தார். ஆள் கூடக் கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது. அவை வெளிப்படையான சண்டைகள். பேருந்துக் கூட்டத்தில் ஒரு கை செய்யும் அசிங்கம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் பாதிக்கப்பட்ட பெண் குரல் எழுப்பும் அந்த நொடி முக்கியமாகிறது. அவள் குரலை நம்பி இன்னொரு குரல் சேர்ந்தால் தொல்லை கொடுத்தவன் தனியாகிறான். சேராவிட்டால் அவள் தனியாகிறாள்.

"நமக்கெதுக்குங்க வம்பு" என்று ஒதுங்குகிறவர்களிடமும் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. கேட்டால் அடி விழலாம். சாட்சியாகப் போட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப் போகிறவர்களுக்கும் ஒரு காலத்தில் இதே பயம் இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கான பாதுகாப்பு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்ந்தது. பெண்ணைத் தொல்லை செய்பவனைத் தட்டிக்கேட்கிறவருக்கும் அதே போன்ற, எல்லோருக்கும் தெரிந்த ஓர் உறுதி வேண்டும். பெயரை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவைக்கும் காவல் நிலையம் வேண்டும்.

சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் துயரத்துக்குப் பிறகுதான் வந்திருக்கின்றன. 1998-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த கும்பலின் தொல்லையில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பேருந்தில் பெண் புகார் சொன்னால் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்ட வேண்டிய கடமையை அந்தச் சட்டம் பணியாளர்கள் மீது வைத்தது. தென்காசிப் பேருந்து நிலையத்தில், கணவரோடு நின்றிருந்த பெண்ணிடம் போலீஸ்காரர் ஒருவரே அத்துமீறிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்ற வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்ததால் அவர் விடுதலையாகியிருந்தார். துறை அவரைப் பணிநீக்கம் செய்தது சரியே என்று 2012 நவம்பர் 30 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள், நாடு முழுவதற்கும் நெறிமுறைகள் வகுத்தார்கள். பேருந்து நிலையங்களில் சாதாரண உடையில் பெண் போலீசார், கண்காணிப்புக் கேமரா, உதவி எண் ஆகியவற்றோடு, வழிப்போக்கர்களுக்கும் பொறுப்பு உண்டு, பார்த்தால் காவல் நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. டெல்லி மாணவிக்கு அந்தக் கொடுமை நேர்ந்தது அதற்கு இரண்டே வாரங்கள் கழித்து. 2025 சனவரியில் தமிழ்நாடு தன் 1998 சட்டத்தைத் திருத்தி, தொல்லைக்கான சிறைத் தண்டனையை 5 ஆண்டுகள் வரை உயர்த்தியது.

தண்டனையின் நீளம் மட்டும் வழக்கை வெல்லாது. சாட்சி நின்றால்தான் வழக்கு நிற்கும். பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் தொடக்கத்தில் அரசுத் தரப்பிலிருந்தே வெளியானது. மற்ற பெண்கள் முன்வரக் கூடாது என்று திட்டமிட்டாலும் அதைவிடக் கெடுதல் செய்திருக்க முடியாது. அதையும் மீறி அவர்கள் வந்தார்கள். அரசுத் தரப்பின் 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. தென்காசியில் நடக்காதது கோவையில் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் பெண்களின் துணிவு வளர்ந்திருக்கிறது. அவர்கள் பக்கம் நிற்கத் தயாரானவர்களும் கூடியிருக்கிறார்கள்.

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் சாலையில் பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாக ஓடுகின்றன. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே தைக்கிறார்கள், சாயமிடுகிறார்கள், மடித்துக் கட்டுகிறார்கள். பெண்களுக்கு ஏதாவது நடந்தால் முதல் சந்தேகம் "வடக்கத்திக்காரன்" மீது விழுவதும் இங்கே வழக்கமாகி வருகிறது. தனி ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு மாநிலத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை 2023 மார்ச்சில் இந்த ஊர் மறுபக்கத்திலிருந்து பார்த்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். பீகார் அரசின் குழுவே திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்து, அவை பொய் என்று உறுதிசெய்தது. அந்நியர்கள் மீதான நம்பிக்கையில் நின்றுகொண்டிருக்கும் ஓர் ஊரை ஒரு வதந்தி சில நாள்களில் ஆட்டிவைத்துவிட்டது. வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கோ இரண்டு மடங்கு சிக்கல். தொல்லை கொடுத்தவனைத் திட்டக்கூட மொழி தெரியாது. புகார் எழுத யாரிடம் போவது என்றும் தெரியாது.

கொங்குப் பகுதியில் தையல் வேலை பார்த்த ஆந்திரப் பெண் ஒருவர், நான்கு மாதக் கர்ப்பிணி, 2025 பிப்ரவரி 6 அன்று கோவை – திருப்பதி இன்டர்சிட்டி ரயிலில் பெண்கள் பெட்டியில் ஊருக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் கூட இருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள். தனித்திருந்த அவரிடம், பெட்டிக்குள் ஏறிய ஒருவன் அத்துமீறினான். போராடியவரை ஓடும் ரயிலிலிருந்து கே.வி.குப்பம் அருகே தள்ளிவிட்டான். அவர் பிழைத்தார், வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டு சூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை விதித்தது. பெண்களுக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கியாயிற்று, கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. பெட்டியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தவரை அவருக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. அவர்கள் இறங்கிய பிறகு அந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்பதற்கு ரயில்வேயிடம் விடை இருந்திருக்க வேண்டும். ஒரு காவலர், அல்லது ஆள் குறைந்ததும் பெண்களைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றி உட்காரவைக்கும் ஓர் ஊழியர் போதுமாயிருந்தது.

அவிநாசி சாலைக்கும் அப்படிப்பட்ட சில ஏற்பாடுகள்தான் தேவை. கோடிக்கணக்கில் செலவு வைப்பவை அல்ல. இரவு ஒன்பதுக்கு மேல் ஓடும் எல்லா வண்டிகளும் கருமத்தம்பட்டி, தெக்கலூர், அவிநாசி ஊர்களுக்குள் வந்து போக வேண்டும். பிரிவுகளில் விளக்கு எரிய வேண்டும். மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தங்களை ஒட்டிக் கடைகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். 2022-ன் விதியை எல்லாப் பேருந்துகளிலும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டி, புதிதாகச் சேரும் நடத்துநருக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும். போலீஸ் அக்கா மாநகரக் கல்லூரிகளோடு நில்லாமல் அவிநாசியின் பனியன் கம்பெனிகளுக்கும் பெண் தொழிலாளர் விடுதிகளுக்கும் வர வேண்டும், ஒடியாவும் இந்தியும் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112. இரண்டும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்த்த மூன்றாவது மனிதரும் கூப்பிடலாம்.